புது ஸ்கிரீன் ரைடுக்கு நெல்லையில இருந்து கெளம்புறியளா? இத ஒரு தடவ பாத்துட்டு போங்க

போன மே லீவுல பாளையங்கோட்டையில இருந்து வேன் பிடிச்சு பதினோரு பேரு போனோம். ராத்திரி முழுக்க ஓட்டம், காலையில தீம் பார்க் வாசல்ல மொகம் கழுவி, ஆச்சிக்கு ஒரு காப்பி வாங்கி குடுத்து, கேட்டு தொறந்ததும் நேரா அந்த புது ரைடுக்குத்தான் ஓடுனோம், ஏன்னா ரெண்டு மாசமா விளம்பரத்துல அதத்தான் காட்டுனாவ. ஒன்றரை மணி நேரம் லைன். உள்ள போயி உக்காந்து, கண்ணாடி மாட்டி, நாலு நிமிசம் படம் ஓடிச்சு, சீட்டு அங்கனயும் இங்கனயும் ஆடிச்சு, லைட்ட போட்டுட்டாவ. வெளிய வந்ததும் அக்கா மவன், ஒம்பது வயசு, என் கைய பிடிச்சுக்கிட்டு "மாமா, ரைடு எப்ப வரும்?"னு கேட்டான். அதுதான் ரைடுன்னு அவனுக்கு தெரியல, முன்னாடி காட்டுற டிரெய்லர்னு நெனச்சிருக்கான். எனக்கு என்ன பதில் சொல்லதுன்னே தெரியல.

அதே எடத்துல முன்னாடி ஒரு படகு ரைடு இருந்துச்சு. இருட்டு குகை, தலைய ஆட்டுற பொம்மைக, கடைசியில ஒரு சரிவுல படகு சறுக்கி விழுந்து சட்டை பூரா நனையும். காலேஜ் படிக்கும்போது கூட்டாளிகளோட போயி நனைஞ்சது இப்பவும் ஞாபகம் இருக்கு. அத எடுத்துட்டுத்தான் இத வச்சிருக்காவ, அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகல. ஆனா அதுக்கப்புறம் நெறைய படிச்சேன், நெறைய பாத்தேன், ஸ்கிரீன் ரைடுன்னாலே மோசம்னு சொல்ல முடியாதுன்னு புரிஞ்சுது, எங்க ஏமாறுதோம்னும் புரிஞ்சுது. இங்கேருந்து போறவிய வண்டிக்கும் டிக்கெட்டுக்கும் அவ்ளோ காசு போட்டு போறியளே, அதான் எழுதுதேன்.

முதல்ல இது எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுக்கோங்க, மத்ததெல்லாம் அதுல இருந்துதான் வருது. பைலட்டுக்கு டிரெயினிங் குடுக்க ஒரு சிமுலேட்டர் உண்டுல்லா, ஆறு கால் மேல நிக்கிற பெட்டி, அந்த டெக்னிக்தான். ஸ்கிரீன்ல வண்டி சீறிக்கிட்டு முன்னால பாயும்போது நம்ம சீட்ட மெதுவா பின்னால சாய்ப்பாவ. சாஞ்சதும் நம்ம முதுகு சீட்டுல அழுந்தும், மூளை "ஆகா, வேகமா போறோம்"னு நெனச்சுக்கிடும், ஏன்னா நம்ம காதுக்குள்ள இருக்கிற பேலன்ஸ் உறுப்புக்கு சாயிறதுக்கும் வேகம் எடுக்கறதுக்கும் வித்தியாசம் சரியா தெரியாது. மொகத்துல ஃபேன் காத்து அடிச்சா இன்னும் நம்பும். ஆனா மலையில இருந்து விழுற சீன் வந்தா இந்த வித்தை பலிக்காது. நெசமா விழும்போது ஒடம்பு எடையில்லாம மிதக்கும், அதனாலதான் வயித்த கவ்வுது. சீட்டு கொஞ்ச தூரம்தான் கீழ எறங்க முடியும்னா அந்த கவ்வல குடுக்கவே முடியாது. நம்ம டவுன் பொருட்காட்சியில ராட்டினம் மேல போயி எறங்கும்போது வாற அந்த ஒரு பிடி, எவ்ளோ பெரிய ஸ்கிரீனா இருந்தாலும் வராது. அதனால விளம்பரத்துல "பாதாளத்துல விழுவீங்க"ன்னு போட்டிருந்தா அத நம்பி போவாதிய. பறக்கறது, ஓட்டறது, தொரத்தறது, இதெல்லாம் நல்லா வரும்.

1987 ஜனவரியில கலிபோர்னியா டிஸ்னிலேண்டுல ஸ்டார் டூர்ஸ் தொறந்தாவ, பைலட் சிமுலேட்டரையே நாப்பது பேரு உக்காருற மாதிரி ஆக்குனது. அது நல்லா ஓடிச்சு. 1999-ல ஃபுளோரிடாவுல யுனிவர்சல்னு இன்னொரு தீம் பார்க் கம்பெனிக்காரங்க ஸ்பைடர்மேன் ரைடு கொண்டு வந்தாவ, அதுதான் இன்னைக்கும் ரசிகருக எடுத்துக்காட்டா சொல்லுறது. அதுல வண்டி தண்டவாளத்துல நெசமாவே நகரும், நெசமா கட்டுன தெரு, சொவரு, அதுக்கு நடுநடுவுல ஸ்கிரீன், எங்க சொவரு முடியுது எங்க படம் ஆரம்பிக்குதுன்னு கண்டுபிடிக்க முடியாது. நெருப்பு வந்தா சூடு அடிக்கும், தண்ணி வந்தா தெறிக்கும். அதே ஊருல அதே கம்பெனி 2018-ல ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்னு கார் ரேஸ் படத்தோட பேருல ரைடு தொறந்தப்போ ரசிகருக ரொம்பவே நொந்துட்டாவ, காரணம் அதுல பஸ்ஸு மாதிரி ஒரு வண்டியில உக்கார வச்சு ரெண்டு பக்கமும் ஸ்கிரீன் ஓட்டுறதுதான் முக்கியமான கட்டமே. கார் ரேஸுன்னு போனவியளுக்கு கார்ல ஏறுன உணர்வே இல்ல. அடுத்த வருசம் 2019 ஜூன்ல அங்கனயே ஹாரி பாட்டர் கதையில வாற ஹாக்ரிட் பேருல மோட்டார்பைக் கோஸ்டர், அதாவது டிராக்குல சீறிப் பாயிற ரைடு, வந்துச்சு, காட்டுக்குள்ள நெசமான டிராக்கு, மொத நாளே லைன் பத்து மணி நேரம் போச்சு. ரெண்டையும் பக்கத்துல வச்சு பாத்தா சனங்களுக்கு என்ன வேணும்னு தெரியும்.

இனி நீங்க செய்ய வேண்டியது.

டிக்கெட் போடறதுக்கு முன்னாடி போனை போட்டு கேளுங்க, கூச்சப்படாதிய. வண்டி எடம் விட்டு எடம் நகருமா, இல்ல நின்ன எடத்துலயே ஆடுமா? ஸ்கிரீன் போக கையால கட்டுன செட்டு, அசையிற பொம்மை ஏதாவது உண்டா? படம் மட்டும் எத்தனை நிமிசம், அதுக்கு முன்னாடி நிக்க வச்சு கதை சொல்லுறது எத்தனை நிமிசம்? இந்த கடைசி கேள்வி ரொம்ப முக்கியம், ஏன்னா "பத்து நிமிச அனுபவம்"னு சொல்லிட்டு ஆறு நிமிசம் கதவுக்கு வெளிய டிவியில கதை ஓட்டுவாவ. உயரக் கட்டுப்பாடு என்னன்னும் கேளுங்க. ஸ்டார் டூர்ஸ்ல 102 சென்டிமீட்டர் இருந்தாத்தான் ஏத்துவாவ. எவ்ளோ சின்ன பிள்ளைனாலும் ஏறலாம்னு சொன்னா சீட்டு மெதுவாத்தான் ஆடும்னு புரிஞ்சுக்கோங்க, அது ஆச்சிக்கும் கைப்பிள்ளைக்கும் நல்லது, காலேஜ் பயலுகளுக்கு பத்தாது.

ரைடுக்குள்ள எடுத்த வீடியோ போன்ல கெடைக்கும். அத முழுசா பாக்காதிய. ராட்டினத்தையோ கோஸ்டரையோ வீடியோவுல பாத்தா ஒண்ணும் குறையாது, ஒடம்பு படுறது வீடியோவுல வராதே. ஸ்கிரீன் ரைடுல பாதி சங்கதியே அந்த படம்தான், அத போன்லயே பாத்துட்டா அங்க போயி மிச்சம் என்ன இருக்கும்? மொத ஒரு நிமிசம் மட்டும் பாருங்க, அதுவும் படத்த பாக்காதிய, ஓரத்த பாருங்க. சொவரு தெரியுதா, முன் சீட்டுல இருக்கிறவிய தலை எவ்ளோ ஆடுது, யாராவது கத்துறாவளா, அவ்ளோதான். தலை ஆடாம அமைதியா உக்காந்திருந்தாவன்னா அது சினிமா தியேட்டருதான், அதுக்காக ராத்திரி பூரா வண்டி ஓட்டாதிய.

தொறந்த மொத மாசத்துல போவாதிய, புது மிசினு அடிக்கடி நிக்கும். மே லீவும் தீபாவளி லீவும் வேண்டாம், பிள்ளைக பள்ளிக்கூடம் ஒரு நாள் போகாட்டி பரவால்லன்னா வார நாள்ல போங்க.

உள்ள போனா எங்க உக்காரணும்ங்கறதுலதான் பாதி இருக்கு. நடு வரிசை, நடு சீட்டு. இது சும்மா சொல்லுறது இல்ல. டிஸ்னியில சோரின்னு ஒரு ரைடு இருக்கு, 2001-ல தொறந்தது, கால் தொங்க உக்கார வச்சு வளைஞ்ச பெரிய ஸ்கிரீனுக்கு முன்னால தூக்கி பறக்க வைக்கிறது. 2016-ல அதுக்கு புதுப்படம் போட்டப்போ ஓரத்து சீட்டுல உக்காந்தவியளுக்கு ஈஃபில் டவரு வளைஞ்சு தெரிஞ்சுது, நடுவுல இருந்தவியளுக்கு நேரா தெரிஞ்சுது. வளைஞ்ச ஸ்கிரீன்னா எல்லாத்துலயும் இதே கததான், நடுவுல இருந்து பாக்கத்தான் படத்த செஞ்சிருப்பாவ. நாங்க பதினோரு பேரும் எடது ஓரத்துல கடைசி வரிசையில உக்காந்தோம், யானை எல்லாம் ஒரு பக்கமா சப்பி தெரிஞ்சுது. வாசல்ல நிக்கிற தம்பிட்ட தன்மையா கேளுங்க, "தம்பி, நாங்க அடுத்த ரவுண்டுக்கு நிக்கோம், நடுவுல குடுங்க"ன்னு. பெரும்பாலும் குடுத்துடுவாவ.

குடுக்கிற கண்ணாடிய மாட்டறதுக்கு முன்னாடி துடைங்க. போன ஆளு வெரல் ரேகை இருந்தாலே படம் மங்கும், அதோட 3டி கண்ணாடியே பாதிக்கு மேல வெளிச்சத்த தின்னுடும், புரொஜெக்டர் பல்பும் பழசானா கேக்கவே வேண்டாம். சில கண்ணாடியில தலைய சாய்ச்சா படம் ரெண்டு ரெண்டா தெரியும், அதனால நேரா உக்காருங்க. பிள்ளைகளுக்கு பெரிய கண்ணாடி மூக்குல நிக்காது, ஒரு கையால பிடிச்சுக்கிட சொல்லுங்க.

தலைசுத்தல் பத்தி கொஞ்சம் நெறயவே சொல்லணும், எங்க மயினி அன்னைக்கு வெளிய வந்து ஒரு மணி நேரம் மரத்தடியில படுத்துட்டாவ. மாஞ்சோலை பஸ்ல மணிமுத்தாறுல இருந்து ஏறுன ஆளுகளுக்கு தெரியும், வளைவுல வயித்த பொரட்டும்போது ஜன்னலுக்கு வெளிய தூரத்துல பாத்தா கொஞ்சம் அடங்கும். அங்க ஒடம்பு ஆடுது, பஸ்ஸுக்குள்ள பாக்கிற கண்ணுக்கு ஆட்டம் தெரியல, அந்த சண்டையிலதான் வாந்தி வருது. ஸ்கிரீன் ரைடுல அப்படியே தலைகீழ். கண்ணு ஆயிரம் அடி பறக்குது, ஒடம்பு சும்மா உக்காந்திருக்கு. அதனால இங்க படத்த பாக்க பாக்கத்தான் மோசமாகும். கொமட்டுனா உடனே கண்ணாடிய கழட்டிட்டு முன் சீட்டு முதுகையோ வாசல் மேல எரியிற பச்சை லைட்டையோ பாருங்க, அதுவும் முடியலன்னா கண்ண மூடிக்கோங்க. அரைமணி நேரம் முன்னாடி புரோட்டா சால்னா வேண்டாம், வெறும் வயிறும் வேண்டாம், ரெண்டு இட்லி போதும். இஞ்சி மரப்பா ஒரு பாக்கெட்டு பையில வச்சுக்கோங்க, பலருக்கு கேக்குது. கழுத்து வலி, இதய நோவு, மாசமா இருக்கிறவிய ஆடுற சீட்டுல ஏறாதிய. சில எடத்துல அசையாத சீட்டு தனியா வச்சிருப்பாவ, கேட்டா காட்டுவாவ.

பிள்ளைகள்ட்ட முன்னாடியே உண்மைய சொல்லுங்க. "இது பெரிய டிவி மாதிரி, சீட்டு ஆடும், தண்ணி கொஞ்சம் தெறிக்கும்"னு சொல்லி கூட்டிட்டு போனா அவிய அதுக்கு தக்கன சந்தோசப்படுவாவ. நான் வேன்ல ராத்திரி பூரா அந்த பயகிட்ட சிங்கம் வரும் புலி வரும்னு சொல்லிட்டு வந்தேன், அந்த தப்ப நீங்க செய்யாதிய. அதுவும் நம்மூரு பிள்ளைக குத்தாலத்துல ஐந்தருவியில நின்னு தலையில அடி வாங்குனதுக. ஸ்கிரீன்ல அருவிய காட்டி மொகத்துல ஒரு கை தண்ணி பீச்சி அடிச்சா அதுகளுக்கு அது அருவின்னு எப்படி தோணும்?

சரி, எல்லாம் பாத்தும் புடிக்கலன்னு வைங்க. அங்கனயே, வெளிய வாறதுக்கு முன்னாடியே, கவுண்டர்ல எழுதி குடுங்க. "வேஸ்ட், காசு தண்டம்"னு எழுதுனா அத வாங்கி வச்சிட்டு விட்டுடுவாவ. தேதி, மணி, எந்த வரிசை எந்த சீட்டு, என்ன ஆச்சுன்னு எழுதுங்க: படம் மங்கல், சத்தம் வந்து கொஞ்சம் கழிச்சுத்தான் சீட்டு குலுங்குது, எடது பக்க ஃபேன் ஓடல. இதெல்லாம் மெக்கானிக்கு சரி செய்யக்கூடியது, சீட்டும் படமும் ஒரு கண்ணிமைப்பு தள்ளிப் போனாலே மொத்த வித்தையும் கெட்டுரும். செட்டு இல்ல, பொம்மை இல்ல, பழைய படகு ரைட எடுத்துட்டிய, இது வேற குறை, அத தனி தாள்ல மேனேஜ்மெண்டுக்கு எழுதுங்க, ஒண்ணா போட்டு கொழப்பாதிய. நான் ரெண்டும் எழுதுனேன். மொதலாவதுக்கு அந்த வரிசை சீட்டு அன்னைக்கு சரியா ஓடலன்னு ஒத்துக்கிட்டு பதில் வந்துச்சு, ரெண்டாவதுக்கு இன்னும் வரல, நான் திரும்பவும் எழுதுவேன்.

புடிக்கலங்கறதுக்காக காசு கேக்க முடியாது. ஆனா விளம்பரத்துல இருக்குன்னு சொன்ன ரைடு அன்னைக்கு மூடிக்கிடந்து அத டிக்கெட் விக்கும்போது சொல்லவும் இல்லன்னா, டிக்கெட்டு, விளம்பரத்தோட ஸ்கிரீன்ஷாட், மூடியிருந்த போர்டோட போட்டோ மூணையும் வச்சுக்கிட்டு 1915-க்கு போன் பண்ணுங்க, நுகர்வோர் ஹெல்ப்லைன்.

கடைசியா நாள எப்படி பிரிக்கறதுன்னு சொல்லுதேன். காலையில தெம்பா இருக்கும்போது நெசமான கோஸ்டரு, ராட்டினம் எல்லாம் முடிச்சிருங்க. ஸ்கிரீன் ரைட வெயில் கொளுத்துற நேரத்துக்கு வைங்க, உள்ள ஏசி இருக்கும், எதிர்பார்ப்பும் அவ்ளோவா இருக்காது. சாயங்காலம் தண்ணி ரைடு. நாங்க அன்னைக்கு சாயங்காலம் ஒரு மூலையில இருந்த சின்ன ரப்பர் படகுல ஏறுனோம், லைனே இல்ல, அந்த பய தொடர்ந்து அஞ்சு தடவ போனான், ஆச்சி கரையில நின்னு துண்ட வச்சுக்கிட்டு சிரிச்சாவ. ஆறாவது தடவ கேக்கும்போது வேன் கெளம்புற நேரமாயிட்டு. அதனால டிரைவர் அண்ணாச்சிட்ட ஆறு மணின்னு சொல்லாதிய, ஏழுன்னு சொல்லி வைங்க.