அதிக டிடக்டிபிள் பிளான்கள்: ஒப்பிடும்போது ஏஜென்ட்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் தனிநபர் மருத்துவக் காப்பீடு விற்பவர்கள் செய்யும் பிழைகளில் பெரியது, பிரீமியத்தையும் டிடக்டிபிளையும் (காப்பீடு பணம் தரத் தொடங்கும் முன் வாடிக்கையாளர் தன் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை) மட்டும் அருகருகே எழுதிக் காட்டிவிட்டு, "உடம்பு நன்றாக இருந்தால் இது, அடிக்கடி டாக்டரிடம் போவீர்கள் என்றால் அது" என்று முடித்துவிடுவது. கேட்க நியாயமாக இருக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தால் பல நேரம் தப்பாக வரும்.

ஒரு மாதிரிக் கணக்கு. முதல் பிளானுக்கு மாதம் 520 டாலர் பிரீமியம், டிடக்டிபிள் 2,000, அதற்கு மேல் 20 சதவீதம் கோ-இன்சூரன்ஸ் (டிடக்டிபிளுக்குப் பிறகு பில்லில் வாடிக்கையாளர் கட்டும் பங்கு), கைச்செலவின் உச்சவரம்பு (பிரீமியம் தவிர வருடத்தில் அவர் கட்ட வேண்டிய அதிகபட்சம்) 7,000. இரண்டாவது பிளானுக்கு மாதம் 370 டாலர், டிடக்டிபிள் 6,500, அதே 20 சதவீதம், உச்சவரம்பு 7,500. பிரீமியத்தில் மட்டும் வருடத்துக்கு 1,800 டாலர் வித்தியாசம்.

மருத்துவ பில் 600 டாலரோடு நின்ற வருடத்தில், பிரீமியமும் சேர்த்து முதல் பிளானில் 6,840, இரண்டாவதில் 5,040. பில் 8,000 ஆனால் முதலாவதில் 9,440, இரண்டாவதில் 11,240. இதுவரை எல்லோரும் எதிர்பார்ப்பதுதான். பெரிய ஆபரேஷன் வந்து பில் ஒரு லட்சம் டாலரைத் தொட்டால்? முதலாவதில் 13,240, இரண்டாவதில் 11,940. அதிக டிடக்டிபிள் பிளான்தான் மலிவு! மோசமான வருடத்தில் இரண்டு பிளானும் அந்தந்த உச்சவரம்பில் முட்டி நின்றுவிடுகின்றன. அங்கே உள்ள வித்தியாசம் 500 டாலர்தான், பிரீமியத்தில் மிச்சமானதோ 1,800.

ஆகவே இந்த ஜோடியில் அதிக டிடக்டிபிள் தோற்பது நடுத்தரச் செலவு வருடத்தில், அதாவது பில் சுமார் 4,250 முதல் 20,500 டாலர் வரை இருக்கும்போது. மாதாமாதம் விலை உயர்ந்த மருந்து வாங்குபவர், எம்.ஆர்.ஐ.யும் பிசியோதெரபியும் தேவைப்படுபவர் எல்லாம் இந்த இடைவெளியில்தான் வருகிறார்கள். வாடிக்கையாளருக்கு இந்த மூன்று வருடங்களையும் தாளில் போட்டுக் காட்டுங்கள். பில் என்று எழுதும்போது ஆஸ்பத்திரி கேட்கும் தொகையை எடுக்காதீர்கள், நெட்வொர்க் ஒப்பந்த விலையை, அதாவது காப்பீட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் உள்ள ஆஸ்பத்திரிகளும் டாக்டர்களும் ஒத்துக்கொண்ட விலையை எடுங்கள். டிடக்டிபிளில் கழிவது அதுதான். நெட்வொர்க்குக்கு வெளியே தானாகத் தேடிப்போய்ச் செய்துகொண்ட செலவு, பல பிளான்களில் இந்த உச்சவரம்புக்குள் வரவே வராது.

டிடக்டிபிள் பெரிது என்பதால் எச்.எஸ்.ஏ. உண்டு என்று சொல்லிவிடுவது

எச்.எஸ்.ஏ. என்பது தகுதியான அதிக டிடக்டிபிள் பிளான் உள்ளவர் மருத்துவச் செலவுக்காக வரிச் சலுகையோடு சேமிக்கும் கணக்கு. டிடக்டிபிள் 7,000 டாலர் இருக்கும் ஒரு சில்வர் பிளான் (செலவில் ஏற்கும் பங்கைப் பொறுத்துப் பிளான்கள் ப்ரான்ஸ், சில்வர், கோல்டு என்று பிரிக்கப்படுகின்றன) எச்.எஸ்.ஏ.வுக்குத் தகுதி இல்லாமல் போகலாம். டிடக்டிபிள் முடியும் முன்பே டாக்டர் விசிட்டுக்கு 40 டாலர் கோ-பே (நிலையான கட்டணம்) போதும் என்று பிளான் சொன்னால், தகுதி அங்கேயே போய்விடும். 2026-க்கு விதி இது: தனிநபருக்குக் குறைந்தபட்ச டிடக்டிபிள் 1,700, குடும்பத்துக்கு 3,400, கைச்செலவு உச்சவரம்பு 8,500 மற்றும் 17,000-ஐத் தாண்டக் கூடாது. தடுப்பு மருத்துவத்துக்கு விலக்கு உண்டு. இன்சுலின், ஸ்டாட்டின் (கொழுப்பைக் குறைக்கும் மருந்து) போன்ற சில நாட்பட்ட நோய் மருந்துகளை டிடக்டிபிளுக்கு முன்பே தர 2019-லேயே ஐ.ஆர்.எஸ். (அமெரிக்க வரித்துறை) அனுமதித்துவிட்டது.

இதில் பழைய பாடத்தை மாற்றிக்கொள்ள வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டப்படி, எக்ஸ்சேஞ்சில் (அரசின் காப்பீட்டுச் சந்தை) கிடைக்கும் ப்ரான்ஸ், கேட்டஸ்ட்ரோபிக் (மிகப் பெரிய செலவுக்கான) தனிநபர் பிளான்கள் 2026 ஜனவரி 1 முதல் எச்.எஸ்.ஏ.வுக்குத் தகுதியானவையாகவே கருதப்படும். மேலே சொன்ன எண்களுக்குள் அடங்காவிட்டாலும் சரி. சில்வருக்கும் கோல்டுக்கும் இந்தச் சலுகை இல்லை, அவற்றைப் பழைய விதிப்படிதான் சோதிக்க வேண்டும்.

பிளான் தகுதியானதாலேயே ஆள் தகுதியாகிவிட மாட்டார். கணவரின் அலுவலகத்தில் பொதுவான எஃப்.எஸ்.ஏ. (வேலை பார்க்கும் நிறுவனம் வழியாக மருத்துவச் செலவுக்கு வரியின்றி ஒதுக்கும் கணக்கு) இருந்து, அதிலிருந்து மனைவியின் செலவையும் கோர முடியுமானால், மனைவி எச்.எஸ்.ஏ.வில் பணம் போட முடியாது. இதைக் கேட்க மறந்துபோகிறவர்கள் நிறையப் பேர். 65 தாண்டி மெடிகேரில் (முதியோருக்கான அரசுக் காப்பீடு) சேர்பவருக்கு, அதன் ஆஸ்பத்திரிப் பகுதியான பார்ட் ஏ ஆறு மாதம் வரை பின்தேதியிட்டுத் தொடங்கும். அந்த மாதங்களில் எச்.எஸ்.ஏ.வில் போட்ட தொகை அதிகப்படியானதாகிவிடும் என்பதால், முன்கூட்டியே நிறுத்தச் சொல்லுங்கள். கலிபோர்னியாவிலும் நியூஜெர்சியிலும் மாநில வரியில் எச்.எஸ்.ஏ. சலுகை கிடையாது. கணக்கு திறக்கும் தேதியும் முக்கியம்: பிளான் ஜனவரியில் தொடங்கி, கணக்கை மார்ச்சில் திறந்தால், பிப்ரவரியில் வந்த பில்லுக்கு அந்தப் பணத்தை வரியின்றி எடுக்க முடியாது.

குடும்பத்துக்கு விற்கும்போது டிடக்டிபிள் தலைக்குத் தனியா, மொத்தமாக ஒன்றா என்று பாருங்கள். மொத்தம் 6,800 என்ற பிளானில் ஒரே ஒருவருக்கு நோய் வந்தாலும், அந்த 6,800 தீரும்வரை காப்பீட்டு நிறுவனம் பணம் தராது. பிரசவம் எதிர்பார்க்கும் தம்பதிக்கு இதைச் சொல்லாமல் விற்பது பெரிய தவறு.

குறைந்த வருமானக்காரரை ப்ரான்ஸ் பக்கம் தள்ளிவிடுவதும் அப்படித்தான். செலவுக் குறைப்புச் சலுகை (டிடக்டிபிளையும் கோ-பேயையும் குறைக்கும் உதவி) பெரும்பாலானோருக்கு சில்வர் பிளானில் மட்டுமே உண்டு, அதுவும் எக்ஸ்சேஞ்ச் வழியாக வாங்கினால். கூட்டாட்சி வறுமைக் கோட்டின் 150 சதவீதத்துக்குள் வருமானம் உள்ளவருக்கு சில்வர் பிளான் சராசரியாகச் செலவில் 94 சதவீதத்தை ஏற்கிறது. ப்ரான்ஸ் ஏற்பதோ சுமார் 60 சதவீதம். பிரீமியம் பூஜ்யம் என்று மயங்கி ப்ரான்ஸ் எடுப்பவர் இதை முழுதாக இழக்கிறார்.

அண்டர்ரைட்டிங்: எந்தச் சந்தையில் நிற்கிறோம் என்பதை மறப்பது

அண்டர்ரைட்டிங் என்பது விண்ணப்பதாரரின் உடல்நலத்தைப் பார்த்து, சேர்ப்பதா, என்ன விலைக்கு என்று நிறுவனம் முடிவு செய்வது. 2014 ஜனவரி 1-க்கு முன் பெரும்பாலான மாநிலங்களில் தனிநபர் பிளானில் நிறுவனம் மறுக்கலாம், பிரீமியத்தை ஏற்றலாம், குறிப்பிட்ட நோயை மட்டும் விலக்கலாம். இன்று ஏ.சி.ஏ. (ஒபாமா காலத்து மருத்துவக் காப்பீட்டுச் சட்டம்) பிளானில் இவை எதுவும் கிடையாது. பிரீமியத்தை மாற்றக்கூடியவை நான்குதான்: வயது (பெரியவர்களுக்குள் மூத்தவருக்கு 3 மடங்கு வரை), புகையிலை (1.5 மடங்கு வரை), ஊர்ப்பகுதி, சேர்க்கப்படும் ஆட்கள். சில மாநிலங்கள் இதையும் இறுக்கி வைத்திருக்கின்றன. சர்க்கரை நோய் இருக்கிறதே, எடுத்துக்கொள்வார்களா என்று பயந்து வருபவரிடம் இதைத் தெளிவாகச் சொல்லுங்கள். ஆனால் மருந்துப் பெயர்களையும் டாக்டர் பெயர்களையும் கேட்காமல் விடாதீர்கள். அது சேர்த்துக்கொள்வதற்கான கேள்வி அல்ல. மருந்துப் பட்டியலும் நெட்வொர்க்கும் சரிபார்க்க வேண்டிய கேள்வி.

புகையிலைக் கேள்வியை "புகைப்பீர்களா?" என்று சுருக்கிவிடாதீர்கள். கடந்த ஆறு மாதத்தில் சராசரியாக வாரம் நான்கு முறை அல்லது அதற்கு மேல் ஏதாவது புகையிலைப் பொருள் பயன்படுத்தினாரா என்பதுதான் விதி. மெல்லும் புகையிலையும் இதில் சேரும். தப்பாகச் சொன்னால் பாலிசியை ரத்து செய்ய முடியாது, ஆனால் விட்டுப்போன கூடுதல் பிரீமியத்தைப் பின்தேதியிட்டு வாங்கலாம்.

ஏ.சி.ஏ. விதிகளுக்கு உட்படாத குறுகிய காலக் காப்பீடான ஷார்ட்-டெர்ம் பிளானில் கதையே வேறு. அங்கே உடல்நலக் கேள்விகள் உண்டு, மறுப்பும் உண்டு, ஏற்கெனவே இருந்த நோய்க்கு விலக்கும் உண்டு. விண்ணப்பத்தை உடனே ஏற்றுக்கொண்டு, பெரிய பில் வந்தபிறகு பழைய மருத்துவ ஆவணங்களை வரவழைத்துப் பார்ப்பதும் நடக்கும். டாக்டர் நோய்க்குப் பெயர் வைக்காமல் இருந்திருந்தாலும், அறிகுறி இருந்தது என்று காட்டி மறுக்கும் வாசகங்கள் பல பாலிசிகளில் இருக்கின்றன. எனவே கேள்விகளை நீங்களே வேகமாக "இல்லை, இல்லை" என்று டிக் செய்யாதீர்கள். ஒவ்வொன்றையும், அது எவ்வளவு காலம் பின்னோக்கிக் கேட்கிறது என்ற வரம்போடு வாசித்துக் காட்டி, பதிலை வாடிக்கையாளர் வாயிலிருந்து வாங்கி, நகலை அவரிடமும் கொடுங்கள். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர், அழுத்தம் இப்போது சரியாக இருக்கிறது என்பதால் "இல்லை" என்று சொல்லிவிடுவார். அந்த இடத்தில் நிறுத்தி விளக்க வேண்டும்.

ஷார்ட்-டெர்ம் பிளானின் விலையை ஏ.சி.ஏ. பிளானோடு ஒரே அட்டவணையில் போடுவதும் கூடாது. கைச்செலவு உச்சவரம்பு இருந்தாலும், நிறுவனம் தரும் மொத்தத் தொகைக்கும் அதில் ஓர் எல்லை இருக்கலாம். அதைத் தாண்டினால் முழுச் சுமையும் நோயாளி தலையில்.

கடைசியாக, தேதிகள். புதிய பிளான் உறுதியாகி முதல் பிரீமியம் கட்டி முடிக்கும்வரை பழையதை ரத்து செய்யச் சொல்லாதீர்கள். தானாக ரத்து செய்தாலோ, பிரீமியம் கட்டாமல் விட்டாலோ, கவரேஜ் போன காரணத்துக்கான சிறப்புச் சேர்க்கைக் காலம் (வருடாந்திரச் சேர்க்கைக் காலத்துக்கு வெளியே பிளான் வாங்க விடும் காலம்) கிடைக்காது. ஷார்ட்-டெர்ம் பிளான் காலம் முடிவதும் அதற்குக் காரணமாகாது. அது ஜூன் மாதத்தில் முடிந்து, திருமணம், இடமாற்றம், குழந்தைப் பேறு போன்ற வேறு தகுதியான காரணமும் இல்லையென்றால், அடுத்த ஏ.சி.ஏ. பிளான் தொடங்குவது ஜனவரி 1-ஆம் தேதிதான். அந்த ஆறு மாத இடைவெளியை விற்கும் நாளிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.