அம்பாசிடரில் இக்னிஷன் காயில் கொதிக்கிறதா? மாற்றும் முன் அளந்து பாருங்கள்

பாயின்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடி, காயிலுக்குப் போகும் மின்சாரத்தை விட்டு விட்டுத் தரும் சுவிட்ச்) வைத்த பழைய பெட்ரோல் அம்பாசிடர் காலையில் ஒரே செல்ஃபில் கிளம்பும். அரை மணி நேரம் ஓடியதும் இடறி, நின்றேவிடும். ஆறவிட்டால் மறுபடி ஓடும். பாயின்ட்டோடு இணைந்த கண்டன்சர் கெட்டாலும் இப்படி ஆகலாம். ஆனால் ஸ்பார்க் பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் காயிலும் கை வைக்க முடியாதபடி கொதித்தால் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஓடும்போது ஓரளவு சூடாவது இயல்பே. எண்ணெய் கசிந்திருந்தால் அந்தக் காயில் இனி உதவாது. அப்போதும் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் புதுசை மாட்டாதீர்கள், அதுவும் வெந்துபோகும்.

படி 1: சாவிப் பழக்கம். இன்ஜின் ஓடாதபோது சாவியை ஆனில் விடுகிறீர்களா? பாயின்ட் மூடிய நிலையில் நின்றிருந்தால், 3 ஓம் காயிலில் 4 ஆம்பியர் இடைவிடாமல் பாயும். கிட்டத்தட்ட 48 வாட், அத்தனையும் சூடுதான்.

படி 2: ஓம் அளவு. காயில் ஆறட்டும். பேட்டரி வயரைக் கழற்றுங்கள். காயிலின் இரண்டு சின்ன வயர்களையும் அடையாளம் வைத்துக் கழற்றுங்கள். மல்டிமீட்டரின் இரு முனைகளையும் முதலில் ஒன்றோடொன்று தொட்டு, அது காட்டும் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். விலை குறைந்த மீட்டரில் வயரே அரை ஓம் வரை காட்டும். அதைக் கழிக்காவிட்டால் முடிவே தப்பாகிவிடும். பிறகு பிளஸ், மைனஸ் முனைகளுக்கு இடையே அளக்கவும். சுமார் 3 ஓம் என்றால் நேரடி 12 வோல்ட் காயில். 1.5 ஓம் என்றால் பேலஸ்ட் ரெசிஸ்டரோடு (காயிலுக்குப் போகும் வோல்ட்டைக் குறைக்க வழியில் வைக்கும் மின்தடை) மட்டுமே ஓட வேண்டியது. கடையில் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். பெரும்பாலும் தவறு நடப்பதே இங்கேதான்.

படி 3: வண்டி என்ன தருகிறது? எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, பாயின்ட் மூடியிருக்கும்படி இன்ஜினைத் திருப்பி வைத்துச் சாவியை ஆன் செய்யுங்கள். காயிலின் பிளஸ் முனைக்கும் பாடிக்கும் இடையே வோல்ட் பாருங்கள். பாயின்ட் திறந்திருந்தால் எந்த வண்டியிலும் 12 தான் காட்டும், ஏமாந்துவிடாதீர்கள். மூடியிருந்தும் 12 அளவில் நின்றால் வழியில் ரெசிஸ்டர் இல்லை. 3 ஓம் காயில்தான் மாட்ட வேண்டும். 6 முதல் 8 என்றால் பேலஸ்ட் இருக்கிறது, 1.5 ஓம் காயில் அதற்குத்தான். அளந்ததும் சாவியை அணையுங்கள்.

படி 4: பாயின்ட் இடைவெளி. லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டருக்கு 0.35 முதல் 0.40 மி.மீ. இடைவெளி குறைந்தால் பாயின்ட் அதிக நேரம் மூடியிருக்கும், காயிலும் அதிகம் சூடாகும்.

இத்தனையும் சரி என்றால், இன்ஜினை ஓடவிட்டு பேட்டரியில் வோல்ட் பாருங்கள். 15-ஐத் தாண்டினால், சார்ஜ் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரைப் பார்க்க எலெக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.