ஹைட்ராலிக் ஹோஸ்: வாங்குவதற்கு முன்னும் கிரிம்ப் போடுவதற்கு முன்னும்

மெஷினில் அழுத்த ஆயிலைக் கொண்டுபோகும் பழைய ஹோஸைக் கழற்றியதும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதன் மேலேயே தரம், உள்விட்டம், எத்தனை பார் (அழுத்தத்தின் அலகு) தாங்கும் என்று பெரும்பாலும் எல்லாம் அச்சடித்திருக்கும். 2எஸ்என் என்ற தரத்தில் அரை அங்குலம் என்றால் இரண்டு அடுக்குக் கம்பிப் பின்னல், வேலை அழுத்தம் 275 பார். அதே அளவில் ஒற்றைப் பின்னல் 1எஸ்என் 160 பார்தான், ஆனால் வெளியே பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். வெடிக்கும் அழுத்தம் வேலை அழுத்தத்தைப்போல 4 மடங்கு என்பார்கள். அது அழுத்தம் திடீரென்று எகிறும் நேரத்துக்கும் தேய்மானத்துக்கும் விட்ட இடம், அதை நம்பி ஓட்டக் கூடாது.

உள்விட்டத்தை ஆயிலின் வேகம்தான் முடிவு செய்யும். பம்பிலிருந்து போகும் அழுத்த லைனில் நொடிக்கு 5 மீட்டர் வாக்கில், டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்னில் 2 முதல் 3, பம்புக்கு ஆயில் இழுக்கும் சக்‌ஷனில் 1 மீட்டருக்குள் இருந்தால் நல்லது. சக்‌ஷன் ஹோஸ் சிறுத்துப்போனால் பம்புக்கு ஆயில் போதாமல் உள்ளே குமிழி உண்டாகி வெடித்து உலோகத்தையே அரித்துவிடும்.

உள் ரப்பரையும் கேட்டு வாங்குங்கள். சாதாரண மினரல் ஆயிலுக்கு நைட்ரைல் சரி. பாஸ்பேட் எஸ்டர் திரவத்துக்கு ஈபிடிஎம் என்ற ரப்பர் வேண்டும், அதையே மினரல் ஆயிலில் போட்டால் ஊதிப்போகும்.

நீளத்தை இழுத்துப் பிடித்து அளக்காதீர்கள். அழுத்தம் ஏறும்போது ஹோஸ் 4 சதவீதம் வரை சுருங்கலாம், அதனால் கொஞ்சம் தளர்வு வேண்டும், முனையில் மாட்டும் ஃபிட்டிங்கை ஒட்டி உடனே வளைக்கவும் கூடாது. மாட்டும்போது அச்சடித்த கோடு நேராக ஓடுகிறதா என்று பாருங்கள், சுருள்கிறது என்றால் ஹோஸ் முறுக்கிக்கொண்டிருக்கிறது, ஆயுள் போச்சு.

இனி வெட்டுவது. இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். ஹோஸ் வெட்டும் மெஷினில் செங்குத்தாக வெட்டுங்கள். வெட்டியதும் உள்ளே ரப்பர் தூளும் கம்பித் துணுக்கும் நிச்சயம் இருக்கும், காற்று மட்டும் அடித்தால் முழுதாக வராது, ஃபோம் துண்டை காற்றழுத்தத்தில் இரண்டு பக்கத்திலிருந்தும் செலுத்துங்கள், அது அழுக்கில்லாமல் வெளியே வரும்வரை. ஒரு துணுக்கு வால்வில் சிக்கினால் ஹோஸ் விலையைவிட எத்தனையோ மடங்கு செலவு. அப்புறம் ஃபிட்டிங் எவ்வளவு ஆழம் நுழைய வேண்டும் என்று ஹோஸில் குறி போட்டு, அதுவரை தள்ளி, கம்பெனி சார்ட்டில் உள்ள விட்டத்துக்கு கிரிம்ப் செய்து, அதாவது ஃபிட்டிங்கின் வெளி உறையை மெஷினில் நசுக்கி ஹோஸோடு இறுக்கி, வெர்னியர் அளவுகோலில் சரிபாருங்கள். ஒரு கம்பெனி ஹோஸுக்கு இன்னொரு கம்பெனி ஃபிட்டிங் போடாதீர்கள். உடனே மாட்டவில்லை என்றால் இரு முனைக்கும் மூடி போடுங்கள்.

இரும்பு டியூப் என்றால் தையல் இல்லாததாக வாங்குங்கள். கால்வனைஸ் பைப் வேண்டாம், துத்தநாகம் உதிர்ந்து ஆயிலில் கலக்கும். வெட்டியபின் உள்ளும் வெளியும் பிசிறு எடுங்கள். ஜேஐசி என்ற வகை ஃபிட்டிங்குக்கு ஃப்ளேர் (டியூப் முனையை விரிப்பது) 37 டிகிரி, 45 டிகிரி ஃப்ளேரை அதில் மாட்டினால் கசியும்.

முதல் ஓட்டத்தைக் குறைந்த அழுத்தத்தில் தொடங்குங்கள். கசிவைக் கையால் தடவிப் பார்க்கவே கூடாது, ஊசித் துளையிலிருந்து வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அட்டையை நீட்டித்தான் பார்க்க வேண்டும். தப்பித்தவறி உள்ளே போய்விட்டால், காயம் சின்னதாகத் தெரிந்தாலும் உடனே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய், ஹைட்ராலிக் ஆயில் உள்ளே ஏறிவிட்டது என்று சொல்லுங்கள்.