வேலை முடிந்ததா, இல்லையா? அசின்க் கோடில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் தினமும் காலையில் ஜீப்புகள் மலையேறி இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகின்றன. அங்கே ஒவ்வொருவரும் எடுத்த பச்சைக்காயின் எடையை மொபைலில் பதிவு செய்யும் ஆப் ஒன்றை நீங்கள் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். கங்காணி ‘சேமி’ பட்டனைத் தொடும்போது சிக்னல் ஒரு கோடு இருக்கும், அடுத்த நொடி இருக்காது. எல்லைப் பக்கம் என்பதால் போன் ஒரு சமயம் கேரள டவரைப் பிடிக்கும், ஒரு சமயம் தமிழ்நாட்டு டவரைப் பிடிக்கும். அலுவலக வைஃபையில் மாதக்கணக்கில் தலைகாட்டாத பிழைகள் இங்கே ஒரே நாளில் வெளியே வந்துவிடும். அதனால் அசின்க் கோடில், அதாவது வேலையைத் தொடங்கிவிட்டுப் பதில் பிறகு வரும் என்று காத்திருக்கும் கோடில், நடக்கும் தவறுகளை இந்த ஆப்பை வைத்தே பேசுவோம்.

பலரும் தொடங்கும் விதத்திலேயே சிக்கல் இருக்கிறது. லோடிங், எரர், சக்ஸஸ் என்று மூன்று பூலியன்களை, அதாவது ட்ரூ அல்லது ஃபால்ஸ் மட்டுமே ஆகக்கூடிய மாறிகளை, அறிவித்துவிடுகிறார்கள். மூன்று பூலியன்கள் சேர்ந்தால் 8 சேர்க்கைகள் வரும். அதில் அர்த்தமுள்ளவை நான்குதான்: இன்னும் தொடங்கவில்லை, நடந்துகொண்டிருக்கிறது, முடிந்தது, தோற்றது. மற்ற நான்கும் இருக்கவே கூடாதவை. ஆனால் எரரை ட்ரூ ஆக்கிய இடத்தில் லோடிங்கை ஃபால்ஸ் ஆக்க மறந்தால் போதும், சுற்றும் வட்டமும் சிவப்புச் செய்தியும் ஒரே திரையில் சேர்ந்து நிற்கும். ஸ்டேட்டஸ் என்று ஒரே மாறியை வையுங்கள். டைப்ஸ்கிரிப்டில் அதை டிஸ்கிரிமினேட்டட் யூனியனாக (ஒவ்வொரு நிலைக்கும் தனி வடிவம் கொண்ட டைப்பாக) எழுதினால் முடிந்த நிலையில் மட்டும் தரவு இருக்கும், தோற்ற நிலையில் மட்டும் பிழை இருக்கும். மாற்றித் தொட்டால் கம்பைலரே நிறுத்திவிடும்.

அடுத்தது ஃபெட்ச், சர்வருக்குக் கோரிக்கை அனுப்பும் ஜாவாஸ்கிரிப்ட் ஃபங்ஷன். அது உடனே கையில் தருவது ப்ராமிஸ், பிறகு வரப்போகும் முடிவுக்கான ஒரு பொருள். வேலை தோற்றால் அது ரிஜெக்ட் ஆகும். ஆனால் சர்வர் 404 (கிடைக்கவில்லை) அல்லது 500 (சர்வர் கோளாறு) என்று பதில் அனுப்பினாலும் ஃபெட்ச் கொடுத்த ப்ராமிஸ் ரிஜெக்ட் ஆகாது. பதில் வந்து சேர்ந்துவிட்டது, அதன் வேலை அவ்வளவுதான். நெட்வொர்க் அறுவது, கோரிக்கை ரத்தாவது போன்ற காரணங்களால்தான் ரிஜெக்ட் ஆகும். ரிஜெக்ட் ஆனதைப் பிடிக்கும் கேட்ச் பகுதி எழுதியாயிற்று என்று நிம்மதியாக இருந்தால், சர்வர் மறுத்த எடைக்கும் பச்சை டிக் விழும். ரெஸ்பான்ஸில் உள்ள ஓகே பண்பைப் பார்த்த பிறகே சக்ஸஸ் என்று எழுதுங்கள்.

இனி சொல்லப்போவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. பதில் வராததைத் தோல்வி என்று பதிவு செய்வது.

2015-இல் வந்த எக்மாஸ்கிரிப்ட் (ஜாவாஸ்கிரிப்ட் மொழியின்) தரத்தின்படி ப்ராமிஸுக்கு மூன்று நிலைகள்: பெண்டிங் (காத்திருக்கிறது), ஃபுல்ஃபில்டு (நிறைவேறியது), ரிஜெக்டட் (தோற்றது). நம்மில் பலர் இந்த மூன்றை அப்படியே எடைப் பதிவின் நிலையாகவும் எடுத்துக்கொள்கிறோம். ரிஜெக்டட் என்பது நம் பக்கத்துக் காத்திருப்பு எப்படி முடிந்தது என்பதை மட்டுமே சொல்கிறது. 12 கிலோ என்ற பதிவு சர்வருக்குப் போய், டேட்டாபேஸில் ஏறி, திரும்பி வரும் பதில் மட்டும் கொண்டை ஊசி வளைவில் சிக்னல் போனதால் தொலைந்திருக்கலாம். அனுப்பியதே போய்ச் சேராமலும் இருந்திருக்கலாம். போனில் இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். திரை ‘தோற்றது’ என்று சொன்னால் கங்காணி மறுபடி அழுத்துவார், 12 கிலோ 24 ஆகிவிடும். ‘முடிந்தது’ என்று சொன்னால் காய் எடுத்தவரின் அன்றைய எடை கணக்கிலேயே ஏறாமல் போகலாம். இரண்டில் எது நடந்தாலும் அது ஒருவருடைய உழைப்பின் கணக்கு. ஆகவே ‘தெரியவில்லை’ என்று ஐந்தாவது நிலை ஒன்று வேண்டும், திரையிலும் அது ‘உறுதியாகவில்லை, மீண்டும் சரிபார்க்கிறோம்’ என்று வெளிப்படையாகத் தெரிய வேண்டும்.

அந்த நிலையிலிருந்து வெளியே வரும் வழி ஐடெம்பொடன்சி கீ, அதாவது ஒரே கோரிக்கை திரும்ப வந்தால் சர்வர் அடையாளம் காண உதவும் எண். பட்டனை முதலில் தொடும்போதே ஒரு தனித்த எண்ணை உருவாக்கி, பதிவோடு போனிலேயே சேமித்துவிடுங்கள். எத்தனை முறை திரும்ப அனுப்பினாலும் அதே எண்ணே போகட்டும், சர்வர் அதைப் பார்த்து இரண்டாவது முறை பதியாமல் பழைய பதிலையே தரும். இங்கேயும் ஒரு வழுக்கல் உண்டு. அனுப்பும் ஃபங்ஷனுக்குள்ளேயே எண்ணை உருவாக்கினால் ஒவ்வொரு முயற்சிக்கும் புது எண் வரும், செய்த ஏற்பாடு அத்தனையும் வீண். சர்வர் அந்த எண்ணை எவ்வளவு காலம் நினைவில் வைத்திருக்கும் என்பதையும் பாருங்கள். பணப் பரிமாற்றச் சேவையான ஸ்ட்ரைப் தன் பழைய ஏ.பி.ஐ.யில் (மற்ற ஆப்கள் அதனுடன் பேசும் வழியில்) 24 மணி நேரம் கழித்து இந்தக் கீகளை நீக்கிவிடலாம் என்கிறது. பணம் செலுத்தும் பக்கத்துக்கு அது போதும். இரண்டு மூன்று நாள் சிக்னலே கிடைக்காத தோட்டத்துக்குப் போதாது. எடைப் பதிவு டேபிளிலேயே அந்த எண்ணுக்கு யுனிக் கட்டுப்பாடு (ஒரே எண் இரண்டு முறை ஏறாதபடி) போட்டுவிடுவது நல்லது.

நெட் இருக்கிறதா என்று பிரவுசர் தரும் நேவிகேட்டர் ஆன்லைன் பண்பை மட்டும் கேட்டு முடிவெடுப்பதும் இதே வகைத் தவறு. ஏதோ ஒரு நெட்வொர்க்கில் போன் இணைந்திருக்கிறது என்பதற்கு மேல் அது எதையும் உறுதி சொல்லாது.

சரி, படிக்கும் பக்கத்துக்கு வருவோம். கங்காணி ‘நேற்று’ என்பதைத் தொட்டுவிட்டு உடனே ‘இன்று’ என்பதைத் தொடுகிறார். இன்றைய பட்டியல் முதலில் வந்துவிட்டது, நேற்றையது தாமதமாக வந்து அதன் மேல் உட்கார்ந்தது. தலைப்பு ‘இன்று’, உள்ளே இருப்பது நேற்றைய எடை. கோடில் எங்கும் எரர் இல்லாததால் கண்டுபிடிக்கவே கடினமான பிழை இது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் வரிசை எண் கொடுத்து, பதில் வந்ததும் ‘கடைசியாகக் கேட்டது இதுதானா’ என்று ஒப்பிட்டு, இல்லையென்றால் விட்டுவிடுங்கள். கோரிக்கையை நிறுத்த உதவும் அபார்ட் கன்ட்ரோலர் மூலம் பழையதை ரத்தும் செய்யலாம், ஆனால் ரத்தானால் வரும் அபார்ட் எரரைத் தோல்வியாகக் காட்டாதீர்கள். எழுதும் கோரிக்கையை அபார்ட் செய்தால் சர்வரில் நடந்தது திரும்பிவிடும் என்றும் நம்பாதீர்கள். அது நம் காத்திருப்பை மட்டுமே நிறுத்துகிறது.

பட்டியலைப் புதுப்பிக்கும்போது பழைய பட்டியலை அழித்து வட்டத்தைச் சுற்றவிடுவதும் தேவையில்லாத தொல்லை. கையில் தரவு இருக்கிறதா என்பது ஒரு கேள்வி, இப்போது எதையாவது கொண்டுவந்துகொண்டிருக்கிறோமா என்பது வேறு கேள்வி. சர்வர் தரவைக் கொண்டுவந்து வைத்துக்கொள்ள உதவும் டான்ஸ்டாக் குவெரி லைப்ரரி 4-ஆம் பதிப்பிலிருந்து இவற்றை ஸ்டேட்டஸ், ஃபெட்ச்ஸ்டேட்டஸ் என்று தனித்தனியாகவே வைத்திருக்கிறது. இரண்டாவதில் ‘பாஸ்டு’ (நிறுத்திவைக்கப்பட்டது) என்ற மதிப்பும் உண்டு, நெட் இல்லாமல் நின்றிருக்கும் கோரிக்கைக்காக. நம் மலைப்பக்கத்துக்கு மிகவும் பயன்படும் மதிப்பு அது.

நாள் முடிவில் சேர்ந்திருக்கும் பதிவுகளை ஃபார்ஈச்சுக்குள் (பட்டியலில் ஒவ்வொன்றாகச் செல்லும் ஃபங்ஷனுக்குள்) அவெய்ட் (முடியும்வரை காத்திரு) போட்டு அனுப்பினால், ஃபார்ஈச் எதற்கும் காத்திராது. ‘எல்லாம் அனுப்பியாயிற்று’ என்ற செய்தி முதல் பதிவு போய்ச் சேரும் முன்பே வந்துவிடும். பல ப்ராமிஸ்களுக்கு ஒன்றாகக் காத்திருக்கும் ப்ராமிஸ் ஆல் போட்டால் ஒன்று தோற்றதுமே முழுவதும் தோற்றதாகச் சொல்லும், மற்றவை பின்னால் ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஒவ்வொன்றின் முடிவும் தனியாக வேண்டும் என்றால் 2020-இல் வந்த ப்ராமிஸ் ஆல்செட்டில்டு இருக்கிறது.

‘அனுப்பிக்கொண்டிருக்கிறது’ என்று போனில் எழுதி வைத்த நிலை அப்படியே உறைந்துபோவதும் உண்டு. பாதியில் பேட்டரி தீர்ந்துவிட்டால், மறுநாள் ஆப்பைத் திறக்கும்போது அந்தப் பதிவு இன்னும் போய்க்கொண்டிருப்பதாகவே காட்டும், அதை அனுப்ப யாரும் இருக்கமாட்டார்கள். ஆப் தொடங்கியதும் அந்த நிலையில் இருப்பவற்றையெல்லாம் ‘தெரியவில்லை’ என்று மாற்றி, அதே கீயோடு வரிசையில் மறுபடி சேர்க்க வேண்டும்.

இவற்றைச் சோதிக்க ஏரோபிளேன் மோட் போதாது, அது அனுப்புவதையே தடுத்துவிடும். சோதனை சர்வரில் டேட்டாபேஸில் எழுதி முடித்த பிறகு, பதில் அனுப்பாமல் இணைப்பைத் துண்டிக்கச் செய்யுங்கள். அப்போது போன் திரை என்ன சொல்கிறது, டேபிளில் எத்தனை வரிகள் விழுகின்றன என்று பாருங்கள்.