பழைய பேஜ்மேக்கரைப் புதுக் கணினியில் ஓட்டுவது எப்படி?

தமிழக–கேரள எல்லையில் களியக்காவிளையிலோ பாறசாலையிலோ, கணினியில் பக்கம் வடிவமைத்துத் தருகிற ஒரு டிடிபி கடைக்குள் போய்ப் பாருங்கள். மேசையில் புது லேப்டாப் இருக்கும். மூலையில் விண்டோஸ் எக்ஸ்பி போட்ட பழைய சிபியு ஒன்றும் இரைந்துகொண்டிருக்கும். அதைத் தூக்கிப் போட முடியாததற்குக் காரணம் பேஜ்மேக்கர் என்கிற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள். கல்யாண அழைப்பிதழை ஒரு பக்கம் தமிழிலும் மறுபக்கம் மலையாளத்திலும் அடிக்கிற ஊர் இது. கோவில் கொடை நோட்டீஸ், சர்ச் திருநாள் நோட்டீஸ் என்று பல வருடக் கோப்புகள் அதற்குள்ளேதான் இருக்கின்றன.

அந்தக் கோப்பிலிருந்து எழுத்தை நகலெடுத்து வேர்டில் ஒட்டினால் புள்ளியும் கோடுமாகக் குப்பை வரும். எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் தருகிற இன்றைய பொது முறையான யூனிகோடு பேஜ்மேக்கருக்குத் தெரியாது. அதில் பயன்படுத்தியவை, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்த எழுத்துருக்கள். தமிழக அரசு 1999இல் டாம், டாப் என்று இரண்டு குறியேற்றங்களை, அதாவது எந்த எழுத்து எந்த இடத்தில் என்கிற பொது ஒழுங்கை, அறிவித்தது. அதற்குள் கடைக்கு ஒரு எழுத்துரு என்று ஆகிவிட்டிருந்தது. மலையாளப் பக்கம் மத்திய அரசின் கணினி நிறுவனமான சி-டாக்கின் ஐஎஸ்எம் மென்பொருள், கார்த்திகா எழுத்துரு என்று இதே கதை.

பேஜ்மேக்கர் 7 சில விண்டோஸ் 10, 11 கணினிகளில் தானாகவே ஓடிவிடும். முதலில் அதை முயன்று பாருங்கள்: ஐகானில் ரைட் கிளிக், பிராபர்டீஸ், கம்பாட்டிபிலிட்டி, அதில் எக்ஸ்பி. ஓடினால் மீதியைப் படிக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் மல்லுக்கட்டுவது பழைய தமிழ், மலையாள விசைப்பலகை மென்பொருள்தான். அதிலும் 16 பிட் காலத்தது என்றால் 64 பிட் விண்டோஸில் ஓடவே ஓடாது. விண்டோஸ் 11 வருவதே 64 பிட்டில் மட்டும்தான். அப்போது ஒரே வழி, புதுக் கணினிக்குள்ளேயே ஒரு எக்ஸ்பி கணினியை உருவாக்குவது. அதற்கு ஆரக்கிள் தருகிற விர்ச்சுவல்பாக்ஸ் போதும். இலவசம், லினக்ஸிலும் ஓடும். கூடவே எக்ஸ்டென்ஷன் பேக் என்று ஒன்று கண்ணில் படும். அது சொந்த உபயோகத்துக்கு மட்டும் இலவசம், கடையில் போடாதீர்கள். நமக்கு அது தேவையும் இல்லை.

தொடங்கும் முன்

எக்ஸ்பி சிடியும் சாவியும் வேண்டும். பழைய சிபியுவின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கிற சாவியின் உரிமம் அந்தக் கணினியோடு சேர்ந்தது; தனிப் பெட்டியாக வாங்கிய சிடி இருந்தால் அதுதான் சரி. லேப்டாப்பில் சிடி டிரைவ் இருக்காது. எனவே எக்ஸ்பி, பேஜ்மேக்கர், எழுத்துரு என எல்லாச் சிடிகளையும் பழைய கணினியிலேயே ஐஎஸ்ஓ கோப்புகளாக (ஒரு சிடியின் முழு நகல் ஒரே கோப்பில்) மாற்றி பென்டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த சிபியு உயிரோடு இருக்கும்போதே செய்துவிட வேண்டிய வேலை இது.

அடுத்து, புதுக் கணினியில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸில் சிபியுவைப் பாருங்கள். விர்ச்சுவலைசேஷன் 'எனேபிள்ட்' என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் கணினி தொடங்கும்போது திறக்கிற அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய் இன்டெல் ஆனால் விடி-எக்ஸ், ஏஎம்டி ஆனால் எஸ்விஎம் என்பதை ஆன் செய்யுங்கள்.

எக்ஸ்பியை உருவாக்குவது

விர்ச்சுவல்பாக்ஸில் 'நியூ' அழுத்தி, ஒரு பெயர் கொடுத்து, எக்ஸ்பியின் ஐஎஸ்ஓவைக் காட்டுங்கள். அன்அட்டெண்டட் இன்ஸ்டலேஷன் என்று கேட்டால் வேண்டாம் என்று விடுங்கள். வகை விண்டோஸ் எக்ஸ்பி 32 பிட். மெமரி 1024 எம்பி தாராளம். பிராசசர் ஒன்று. டிஸ்க் 20 ஜிபி. அது மொத்தமும் உடனே போய்விடாது, நிரம்ப நிரம்பத்தான் வளரும்.

ஸ்டோரேஜில் ஐடிஇ என்று தானாக வந்திருப்பதை மாற்றாதீர்கள். வேகமாக இருக்கும் என்று சாட்டாவுக்கு மாற்றினால் எக்ஸ்பிக்கு அதற்கான டிரைவர் கிடையாது, நீலத்திரையில் போய் நிற்கும். யூஎஸ்பி 2 போதும்; யூஎஸ்பி 3ஐ எக்ஸ்பிக்குத் தெரியாது. நெட்வொர்க்கை முழுக்க எடுத்துவிடுங்கள். எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் பாதுகாப்பு அப்டேட் தருவதை 2014 ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டது. அழைப்பிதழ் அடிக்க இணையம் எதற்கு?

ஸ்டார்ட் கொடுத்தால் எக்ஸ்பி நிறுவல் பழையபடியே நடக்கும். எஃப்8, பார்டிஷன், என்டிஎஃப்எஸ் ஃபார்மட், சாவி. மவுஸ் உள்ளே மாட்டிக்கொண்டால் வலது கன்ட்ரோல் விசையை அழுத்துங்கள், வெளியே வந்துவிடும். ஜன்னலின் அடியில் வலது ஓரத்தில் பச்சை நிற ஆமை ஒன்று தெரிந்தால், விண்டோஸோடு வருகிற இதே போன்ற வசதியான ஹைப்பர்-வி குறுக்கே நிற்கிறது, அதனால்தான் மெதுவாக ஓடுகிறது என்று அர்த்தம். பேஜ்மேக்கருக்கு ஆமை வேகமே போதும் என்பது என் அபிப்பிராயம். அதை நோண்ட வேண்டாம்.

எக்ஸ்பி வந்ததும் 'டிவைசஸ்' மெனுவில் கெஸ்ட் அடிஷன்ஸ் சிடியைச் செருகி நிறுவுங்கள். திரை பெரிதாகும், மவுஸ் ஒட்டாது. அப்புறம் 'ஷேர்ட் ஃபோல்டர்ஸ்' போய், வெளியே உள்ள ஒரு ஃபோல்டரைக் காட்டி, ஆட்டோ-மவுன்ட் டிக் செய்யுங்கள். எக்ஸ்பியின் மை கம்ப்யூட்டரில் அது தனி டிரைவாகத் தெரியும். கோப்புகள் போக வர இதுதான் வாசல். ஆனால் அங்கேயே வைத்து வேலை செய்யாமல், உள்ளே நகலெடுத்து முடித்துவிட்டு வெளியே போடுவது நல்லது.

இப்போது எழுத்துரு, விசைப்பலகை மென்பொருள், பேஜ்மேக்கர் எல்லாவற்றையும் நிறுவுங்கள். டாங்கிள் (உரிமத்துக்காகச் செருகுகிற சிறு கருவி) கேட்கிற மென்பொருளானால், யூஎஸ்பி டாங்கிளை 'டிவைசஸ்' மெனு வழியாக உள்ளே கொடுக்கலாம்.

அச்சுக்கு அனுப்புவது

புதுப் பிரிண்டருக்கு எக்ஸ்பி டிரைவர் கிடைக்காது. கிடைக்கவும் வேண்டாம், பிடிஎஃப் ஆக்கி வெளியே எடுத்தால் போதும். எக்ஸ்பியில் 'ஆட் பிரிண்டர்' கொடுத்து, லோக்கல் பிரிண்டர், போர்ட் 'ஃபைல்', நிறுவனம் 'ஜெனரிக்', மாடல் 'எம்எஸ் பப்ளிஷர் கலர் பிரிண்டர்' என்று தேர்ந்தெடுங்கள். பெயரைப் பார்த்து வேறெதற்கோ என்று நினைக்க வேண்டாம், இது சாதாரண போஸ்ட்ஸ்கிரிப்ட் (பக்கத்தை அச்சுக்கு விவரிக்கிற மொழி) டிரைவர். அதன் அட்வான்ஸ்ட் அமைப்பில் ட்ரூடைப் எழுத்துரு 'டவுன்லோட் அஸ் சாஃப்ட்ஃபான்ட்' என்று இருக்கட்டும். இல்லையென்றால் தமிழ் எழுத்து வேறு எழுத்தாக மாறிப் போகலாம். பேஜ்மேக்கரிலிருந்து இதற்கு பிரிண்ட் கொடுத்தால் கோப்பின் பெயர் கேட்கும். அதை ஷேர்ட் ஃபோல்டரில் போட்டு, வெளியே கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்கிற இலவச மென்பொருளால் பிடிஎஃப் ஆக்குங்கள். ஒரு பழைய அழைப்பிதழை எடுத்து, மலையாளக் கூட்டெழுத்துகளையும் தமிழில் 'கொ', 'கௌ' போன்றவற்றையும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டே பிரஸ்ஸுக்கு அனுப்புங்கள்.

எல்லாம் சரியென்றால் ஒரு ஸ்னாப்ஷாட். ஏதாவது கெட்டுப்போனால் அந்த நிலைக்கே திரும்பலாம். ஆனால் ஸ்னாப்ஷாட்டும் அதே ஹார்ட் டிஸ்கில்தான் இருக்கிறது, டிஸ்க் போனால் அதுவும் போகும். ஆகவே எக்ஸ்பியை ஷட் டவுன் செய்துவிட்டு, 'ஃபைல்' மெனுவில் 'எக்ஸ்போர்ட் அப்ளையன்ஸ்' கொடுத்தால் மொத்தக் கணினியும் ஒரே கோப்பாக வரும். அதை பென்டிரைவில் போடும்போது இடம் இருந்தும் ஏறவில்லை என்றால், அந்த டிரைவ் ஃபேட்32இல் இருக்கும். அதில் 4 ஜிபியைத் தாண்டிய கோப்பு ஏறாது. எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மட் செய்துவிட்டு மறுபடி போடுங்கள்.