ட்யூப்ல சாப்பிடுற குழந்தைக்கு வீட்டுச் சாப்பாட்டை அரைச்சுக் குடுக்குறது எப்படி?

என் பையனுக்கு வயித்துல ட்யூப் வச்சு மூணு வருஷம் ஆச்சு. முதல் ஒன்றரை வருஷம் ஃபார்முலா, அதான் டப்பாவுல வர்ற சத்துப் பால், அது மட்டும்தான், அப்புறம்தான் நாங்க சாப்பிடுறதையே அரைச்சுக் குடுக்க ஆரம்பிச்சோம், ஆரம்பிச்ச முதல் மாசமே எடை இறங்கிடுச்சு. காரணம் நான்தான். ட்யூப் அடைச்சுக்குமோன்னு பயந்து பயந்து தண்ணியா ஊத்தி அரைச்சேன், வயிறு ரொம்பிச்சு, ஆனா உள்ள போனதுல பாதி வெறும் தண்ணி. அந்தத் தப்பை நீங்க செய்யாம இருக்கத்தான் இதை எழுதுறேன்.

முதல் வேலை: டாக்டர், டயட்டீஷியன் ரெண்டு பேர்கிட்டயும் கேளுங்க

இதைத் தாண்டிக் குதிச்சிடாதீங்க ப்ளீஸ். ட்யூப் எங்க முடியுதுங்குறதுதான் முதல் கேள்வி. நேரா வயித்துல முடியுற ட்யூப்னா பெரும்பாலும் சரின்னு சொல்லுவாங்க. சிறுகுடல்ல முடியுற ட்யூப்னா பொதுவா வேணாம்னுதான் சொல்லுவாங்க, ஏன்னா வயித்துல இருக்குற அமிலமும் தேக்கி வச்சுக் கொஞ்சம் கொஞ்சமா அனுப்புற வேலையும் அங்க கிடையாது. மூக்கு வழியா போற ட்யூப் ரொம்ப மெல்லிசு, சீக்கிரம் அடைச்சுக்கும். ட்யூப் அளவை ஃப்ரெஞ்ச்னு ஒரு கணக்குல சொல்லுவாங்க, 3 ஃப்ரெஞ்ச்னா 1 மில்லிமீட்டர், அதுவும் வெளிச்சுற்றளவு இல்ல, வெளி விட்டம். 14 ஃப்ரெஞ்ச்னா கிட்டத்தட்ட 4.7 மில்லிமீட்டர், அந்த அளவோ அதுக்கு மேலயோ இருந்தா அரைச்ச சாப்பாடு சுலபமா போகும். ட்யூப் புதுசா வச்சிருந்தா புண்ணு ஆறுற வரைக்கும் பொறுங்க.

6 மாசத்துக்கு உள்ள இருக்குற குழந்தைக்கு இது வேணவே வேணாம், தாய்ப்பாலோ ஃபார்முலாவோதான். 1 வயசு வரைக்கும் தேன் கூடாது, அது வாய்ல போனாலும் ட்யூப்ல போனாலும் ஒண்ணுதான்.

இவ்வளவு கஷ்டப்பட்டு ஏன் அரைக்கணும்னு சொந்தக்காரங்க கேப்பாங்க. சாப்பாடு மேல எதுக்களிக்காம இருக்க வயித்தோட மேல் பாகத்தை உணவுக்குழாயைச் சுத்தித் தைக்கிற ஆபரேஷன் பண்ணுன சில குழந்தைங்க, ஒவ்வொரு ஃபீடுக்கும் ஓங்கரிச்சுக்கிட்டே இருக்கும், பாக்கவே முடியாது. அப்படி 33 குழந்தைங்களுக்கு அரைச்ச சாப்பாடு குடுத்துப் பாத்து 2011ல ஒரு ஆய்வு வந்துச்சு, பாதிக்கு மேல குழந்தைங்களுக்கு ஓங்கரிப்பு நல்லாவே குறைஞ்சிருந்துது. எல்லாருக்கும் அப்படி ஆகும்னு இல்ல. எங்க வீட்ல மலச்சிக்கல்தான் முதல்ல சரியாச்சு.

அடுத்து அரைக்கிறது, இங்கதான் கணக்கு

ஒரு நேரத்துக்கு நான் போடுற ஒரு அளவு சொல்றேன், புரிஞ்சுக்குறதுக்கு மட்டும், உங்க குழந்தைக்கு எவ்வளவுன்னு டயட்டீஷியன்தான் சொல்லணும். குழைய வெந்த சோறு 80 கிராம், எலும்பில்லாம வேகவச்ச கோழி 50 கிராம், வெந்த கேரட் 40 கிராம், எண்ணெய் 2 டீஸ்பூன், கொழுப்பு எடுக்காத காய்ச்சின பால் 150 மில்லி. இதுல சுமார் 370 கலோரி இருக்கு, அரைச்சா 320 மில்லி கிட்ட வரும். அதாவது ஒரு மில்லிக்கு ஒரு கலோரிக்குக் கொஞ்சம் மேல.

இப்ப இதே சாமானுக்குப் பாலை எடுத்துட்டு 300 மில்லி தண்ணி ஊத்துங்க. கலோரி 280க்கு இறங்கும், அளவு 475 மில்லிக்கு ஏறிடும். நான் முதல் மாசம் பண்ணுனது இதான்! குழந்தைக்கு அவ்வளவு வயிறு கிடையாது, அதுக்குள்ள வாந்தி வந்துடும். அதனால இளக்கறதுன்னா பால், ஃபார்முலா, எண்ணெய் இப்படி எதையாவது வச்சு இளக்குங்க. எண்ணெய் ஒரு டீஸ்பூன்லயே 40 கலோரி வந்துடும், கூடவே அரைச்சது வழுக்கிக்கிட்டு போகும். பால் ஒத்துக்காதுன்னா அவங்க குடிக்கிற ஃபார்முலாவையே ஊத்துங்க. தண்ணி வேணாம்னு சொல்லல, உடம்புக்குத் தேவையான தண்ணியைச் சாப்பாட்டோட சேக்காம நடுவுல தனியா குடுங்கன்னுதான் சொல்றேன்.

எல்லாம் சூடா இருக்கும்போதே அரைங்க, ஆறினா மாவுச்சத்து இறுகிடும். மிக்ஸி ஜார்ல சூடா போடும்போது பாதிக்கு மேல ரொப்பாதீங்க, மூடி தெறிச்சு நான் கையைச் சுட்டுக்கிட்டேன். விட்டு விட்டு மூணு நாலு நிமிஷம் ஓடட்டும், பாக்க மைய இருக்கேன்னு ஏமாந்துடாம கண்ணு சின்னதா இருக்குற வடிகட்டியில கண்டிப்பா வடிகட்டுங்க. குட்டி விதை இருக்குற பழம், தக்காளித் தோல், கோழி நார் இதெல்லாம்தான் அடைக்கும். வாழைப்பழமும் ஓட்ஸும் அரைச்சப்போ சரியா இருக்கும், பத்து நிமிஷத்துல கெட்டிக் கூழாயிடும்.

உள்ள போகுமான்னு எப்படித் தெரியும்னா, பழைய எக்ஸ்டென்ஷன் ட்யூப் (வயித்து ட்யூபையும் சிரிஞ்சையும் இணைக்குற, கழட்டி மாட்டுற குழாய்) ஒண்ணு வச்சுக்கங்க, சிரிஞ்சுல ரொப்பி அது வழியா கிண்ணத்துல தள்ளிப் பாருங்க. கட்டை விரலால லேசா அமுக்கினதும் போச்சுன்னா சரி. பல்லைக் கடிச்சுத் தள்ள வேண்டியிருந்தா திரும்ப மிக்ஸிக்கு.

குடுக்குற முறை

கையைக் கழுவிட்டு, குழந்தையை நிமிர்த்தி உக்கார வைங்க, முடியலன்னா தலைப்பக்கம் 30லருந்து 45 டிகிரி தூக்கி இருக்கணும். சாப்பாடு வெதுவெதுன்னு இருந்தா போதும், மணிக்கட்டுல ஒரு சொட்டு விட்டுப் பாருங்க. முதல்ல கொஞ்சம் தண்ணி விட்டு ஃப்ளஷ் பண்ணுங்க (எவ்வளவுன்னு டாக்டர் சொன்ன அளவு), அப்புறம் 60 மில்லி சிரிஞ்சுல எடுத்து மெதுவா. புவிஈர்ப்புல தானா இறங்கும்னு ஃபார்முலா மாதிரி தூக்கிப் புடிச்சா இது இறங்காது, தள்ளித்தான் ஆகணும். ஆனா மொத்தமா 20, 30 நிமிஷம் எடுத்துக்கங்க, நாம ஒரு தட்டு சாப்பிட ஆகுற நேரம். முடிச்சதும் திரும்ப ஃப்ளஷ், அரை மணி நேரமாவது படுக்க வைக்காதீங்க. மருந்தைச் சாப்பாட்டுல கலக்காதீங்க, தனியா குடுத்து முன்னயும் பின்னயும் தண்ணி விடுங்க.

முதல் நாளே முழு ஃபீடையும் மாத்தாதீங்க. ஒரு வேளைக்குக் குடுக்குற ஃபார்முலாவோட ரெண்டு மூணு ஸ்பூன் அரைச்ச சாப்பாடு சேத்து ஆரம்பிச்சு, புது சாமான் ஒண்ணு சேத்தா மூணு நாள் பாத்துட்டு அடுத்தது. உடம்புல தடிப்பு, வாந்தி, பேதின்னா நிறுத்திட்டு கேளுங்க. மூச்சு வாங்குனாலோ முகம், உதடு வீங்குனாலோ யோசிக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிதான்.

மிச்சமும் அடைப்பும்

அரைச்சதை வெளில 2 மணி நேரத்துக்கு மேல வைக்காதீங்க. உடனே ஃப்ரிட்ஜ்ல, 4 டிகிரி அல்லது அதுக்குக் கீழ, ஒரு நாளுக்குள்ள முடிச்சிடுங்க. சிரிஞ்சுல எடுத்து மீந்ததைத் திரும்ப டப்பாவுல ஊத்தக் கூடாது. மிக்ஸி பிளேடுக்கு அடியில இருக்குற ரப்பரைக் கழட்டிக் கழுவுங்க, நான் அதைக் கழட்டலாம்னே ரெண்டு மாசம் கழிச்சுத்தான் கண்டுபிடிச்சேன், உள்ள இருந்ததைப் பத்தி வேணாம்.

அடைச்சுக்கிட்டா பதறாதீங்க. முதல்ல எக்ஸ்டென்ஷனைக் கழட்டித் தனியா கழுவிப் பாருங்க, பாதி நேரம் அடைப்பு அதுலதான் இருக்கும். இல்லன்னா வெதுவெதுப்பான தண்ணியைச் சிரிஞ்சுல எடுத்து மெதுவா தள்ளி, இழுத்து, தள்ளி, கொஞ்சம் அப்படியே விட்டுட்டு மறுபடி. கோலா ஊத்துறது, கம்பி விடுறது ரெண்டும் வேணாம், கோலாவோட அமிலத்துல பால் புரதம் திரிஞ்சு இன்னும் இறுகிடும். அதுக்கும் போகலன்னா பலத்தைக் காட்டாம டாக்டருக்கு ஃபோன் பண்ணுங்க.

ஆரம்பிச்ச முதல் ரெண்டு மாசம் வாரம் ஒரு தடவை எடை பாருங்க, ஒரே மெஷின்ல, ஒரே மாதிரி டிரெஸ்ல. நான் பாக்கல, அதான் ஒரு மாசம் கழிச்சுத் தெரிஞ்சுது.