மருந்து உடலில் இருந்து வெளியேறும் விதம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காய்ச்சலுக்குப் போட்ட பாரசிட்டமால் கேட்கவில்லை என்று இரண்டு மணி நேரத்திலேயே இன்னொன்றைப் போட்டுக்கொள்வது பல வீடுகளில் நடக்கிறது. நான்கு முதல் ஆறு மணி நேர இடைவெளி என்பது சம்பிரதாயத்துக்குச் சொல்லப்படுவதன்று. கல்லீரல் அம்மருந்தை மாற்றவும் சிறுநீரகம் அதைக் கழிக்கவும் தேவைப்படும் நேரத்தை ஒட்டி வகுக்கப்பட்டது. பாரசிட்டமாலின் பெரும்பகுதியைக் கல்லீரல் குளுக்குரோனைடாகவும் சல்ஃபேட்டாகவும் மாற்றிச் சிறுநீரில் கரைந்து போகும்படி செய்துவிடுகிறது. மிச்சமுள்ள சிறு பகுதி ஒரு நச்சுப்பொருளாக மாறினாலும், கல்லீரலில் உள்ள குளுட்டத்தயோன் அதை உடனுக்குடன் முறித்துவிடும். அளவு மிஞ்சினால் குளுட்டத்தயோன் இருப்புத் தீர்ந்து, அந்த நச்சு கல்லீரல் செல்களையே அழிக்கத் தொடங்குகிறது.

பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 4 கிராம் என்பதே உச்சவரம்பு. 650 மில்லிகிராம் மாத்திரை ஆறு போட்டாலே அது ஏறத்தாழ நிரம்பிவிடும். நாள்தோறும் மது அருந்துபவருக்கும் உடல் மெலிந்தவருக்கும் வரம்பு இன்னும் குறைவு. சளிக்கென்று மருந்துக்கடையில் வாங்கும் கூட்டு மாத்திரைகள் பலவற்றிலும் இதே மருந்து இருப்பதால், அட்டையின் பின்புறத்தைப் படிக்காமல் இரண்டையும் சேர்த்து விழுங்குவது தவறு. அதைவிடப் பெரிய தவறு, அளவுக்கு மீறி விழுங்கியவர் நன்றாகத்தானே இருக்கிறார் என்று வீட்டிலேயே காத்திருப்பது. முதல் 24 மணி நேரத்தில் குமட்டலைத் தவிர வேறெதுவும் தெரியாமலே போகலாம். ஆனால் நச்சுமுறிவு மருந்தான அசிட்டைல்சிஸ்டீன் 8 மணி நேரத்துக்குள் கொடுக்கப்பட்டால்தான் முழுப்பலன் தரும்.

எல்லா மருந்தும் கல்லீரல் வழியே போவதில்லை. சர்க்கரை நோய்க்குத் தரப்படும் மெட்ஃபார்மின் சற்றும் மாறாமல் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகிறது. தசையில் உருவாகிச் சிறுநீரகம் கழிக்கும் கழிவுப்பொருளான கிரியேட்டினினை அளக்கும் இரத்தப் பரிசோதனையில், 'கிரியேட்டினின் நார்மல்' என்ற ஒரு வரியை நம்பி, முதியவருக்குப் பழைய அளவையே தொடர்வது இங்கே நேரும் பிழை. தசை குறைந்த உடலில் கிரியேட்டினின் உற்பத்தியே குறைவு என்பதால், சிறுநீரகம் தளர்ந்திருந்தாலும் அந்த எண் ஒழுங்காகத் தெரியும். சிறுநீரகம் இரத்தத்தை வடிகட்டும் வேகத்தை வயதையும் சேர்த்துக் கணக்கிடும் ஈஜிஎஃப்ஆர் மதிப்பையும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். நிறையத் தண்ணீர் குடித்து மருந்தைக் 'கழுவி' விடலாம் என்ற நம்பிக்கைக்கும் இவ்விஷயத்தில் இடமில்லை.

காசநோய் சிகிச்சையில் உள்ளவர்கள் மற்ற மருந்துகளைப் பற்றி மருத்துவரிடம் சொல்லாமல் விடக் கூடாது. காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் கல்லீரல் நொதிகளை முடுக்கிவிடுவதால், கருத்தடை மாத்திரையும் இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரினும் வழக்கத்தைவிட வேகமாகச் சிதைந்து பலனிழக்கின்றன. அதை ஈடுகட்ட வார்ஃபரின் அளவைக் கூட்டியிருந்தால், சிகிச்சை முடிந்து சில வாரங்களில் நொதிகள் பழைய நிலைக்குத் திரும்பும்போது, அதே அளவு இரத்தக்கசிவில் கொண்டுபோய் விடும். அந்த வாரங்களில்தான், இரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனையை அடிக்கடி செய்ய வேண்டும்.